அறுபது டிகிரி வரை

படம் வந்த நேரத்தில் பொற்கொடி ஏலக்காய்க் கிடங்கில் சல்லடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அன்று இறங்கிய காயில் வெடித்ததும் வெளுத்ததும் ஏராளம். மேற்பார்வை பார்க்கிற அமுதவள்ளி அக்கா யாரையும் தலைநிமிர விடவில்லை. மடியில் கிடந்த போன் அதிர்ந்து அதிர்ந்து அடங்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் எழுந்து, மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று திறந்து பார்த்தாள். லேப்டாப் ரிப்பேர் பார்க்கிறவர்களின் வாட்ஸப் குழுவில் சின்ராசு படம் போட்டிருந்தான். ரிப்பேர் சொல்லிக்கொடுக்கிற கலீபுல்லா பாயின் மாலை வகுப்பில் அவளுக்கு முன்னால் படித்துவிட்டுப் போனவன் அவன். இப்போது மலைக்கு மேலே பூப்பாறையில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். படத்தில் ஒரு சாக்கின் மேல் லேப்டாப் ஒன்று கிடந்தது. எழுத்துப் பலகை நடுவில் பூரி மாதிரி உப்பி, ஒரு மூலை கருகி உள்ளே மடிந்திருந்தது. படத்துக்குக் கீழே அவன் குரல்.

"நம்ம மேனுவலப் பாத்து ஒரு பெரியவரு வைத்தியம் பண்ணிருக்காரு மாப்ளேகளா. மழையில நனைஞ்சத ஏலக்கா ஸ்டோர்ல வச்சுக் காய வச்சிருக்காரு. பேட்டரியோட. காயோட காயா அதுவும் வெந்து போச்சு."

கீழே சிரிப்புகள் வரிசைகட்டி நின்றன. "எத்தன எம்.எம். காயின்னு கேட்டுச் சொல்லுண்ணே, ஏலத்துல எடுத்துக்குவோம்" என்று வகுப்புத் தோழன் தௌபீக், காயை ரகம் பிரிக்கிற அளவைக் கேட்டுப் போட்டிருந்தான். எந்த மாடல் என்று யாரோ கேட்க, சின்ராசு எண்ணைச் சொல்லியிருந்தான். அந்த எண்ணைப் பார்த்ததும் பொற்கொடி போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள். அந்த மேனுவலைத் தேடிப் பிடித்தது அவள்தான். அதன் முன்னால் தமிழில் ஒரு பக்கம் எழுதிச் சேர்த்ததும் அவள்தான்.

அந்தக் குழுவுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு மேனுவலை எடுத்துக்கொள்கிறவர் இன்னொன்றைக் கொண்டுவந்து போட வேண்டும். கம்பெனிகள் இந்த சர்வீஸ் மேனுவல்களை வெளியே விடுவதில்லை. எங்கோ ஓர் ஊரில் எவரோ ஏற்றிவைத்ததை, மொழி தெரியாத பக்கங்களுக்குள் புகுந்து, பொய்ப் பொத்தான்களை எல்லாம் தாண்டித்தான் எடுக்க வேண்டும். மூடி மேல் இருக்கிற பெயரை நம்பினால் வேறு எதுவோ வந்து சேரும். உள்ளே மதர்போர்டுப் பலகையில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிற எண்ணை வைத்துத் தேட வேண்டும். வகுப்பில் சேர்ந்த புதிதில் பொற்கொடியிடம் போடுவதற்கு ஒன்றும் இல்லை. எடுத்துக்கொண்டே இருக்கிறோமே என்று கூச்சமாக இருந்தது. அப்போதுதான் மலைக்கடைக்காரர்கள் இங்கிலீஷில் தடுமாறுவதைக் கவனித்து, முக்கியமானவற்றைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி மேனுவலுக்கு முன்னால் சேர்த்துப் போட்டாள். எந்தத் திருகாணி எங்கே, எந்தக் கேபிள் பட்டையை முதலில் பிடுங்க வேண்டும், எதை இழுத்தால் உடையும். அது எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. பிறகு தேடுவதையும் அவளே கற்றுக்கொண்டாள். எல்லாரும் பார்க்கிற மாதிரி இணையத்தில் ஒரு டிரைவ் திறந்து, மாடல் எண்ணைப் பெயராக வைத்து வரிசையாக அடுக்கினாள். பாய்கூட ஏதாவது வேண்டுமென்றால், "பொற்கொடிகிட்ட இருக்கும், கேளுங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். அப்படிச் சொல்லும்போது அவள் குனிந்துகொள்வாள். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தச் சொல் கூடவே வரும்.

ஆனி மாதத்தில் சாரல் இறங்கியபோது மலைக்கடைகளிலிருந்து ஒரே கேள்வியாக வந்தது. நனைந்துபோனால் என்ன செய்வது? அந்த மேனுவலில் அதற்கு ஒரு வரியும் இல்லை. தெரியாது என்று எழுதியிருக்கலாம். பாயிடம் கேட்டிருக்கலாம். இத்தனை மேனுவல் வைத்திருக்கிற பொற்கொடிக்கே தெரியாது என்று ஆகிவிடுமே என்ற எண்ணத்தில், கடைசிப் பக்கத்து அட்டவணையில், பயன்படுத்தாமல் எடுத்து வைத்திருக்கும்போது லேப்டாப் எவ்வளவு வெப்பம் தாங்கும் என்று போட்டிருந்ததை எடுத்துக் கோத்துவிட்டாள். 'நனைந்துவிட்டால் உடனே அணைத்துவிட்டு, உலர்ந்த வெப்பத்தில் வைத்துக் காயவிடவும். அறுபது டிகிரி வரை தாங்கும்.' எழுதுகிறபோது அவள் மனதில் இருந்தது மலையடிவாரத்தில் தன் ஊரான போடியின் மொட்டைமாடி வெயில். மேலே ஆனி ஆடியில் வெயில் என்று ஒன்று கிடையாது என்பதோ, அங்கே உலர்ந்த வெப்பம் என்று சொன்னால் யாருக்கும் விறகு எரித்துப் பச்சைக் காயை உலர்த்துகிற ஏலக்காய் ஸ்டோர்தான் நினைவுக்கு வரும் என்பதோ அவளுக்குத் தோன்றவில்லை. இத்தனைக்கும் அந்த ஸ்டோர்களில் காய்ந்து வருகிற காயைத்தான் அவள் தினமும் கையில் அளைகிறாள். மழை மாதங்களில் அந்த ஸ்டோர்களின் முன்னறைக் கொடியில் பள்ளிக்கூடச் சட்டையும் கம்பளியும் தொங்கும் என்று கூட வேலை பார்க்கிற பெண்கள் சொல்லிக் கேட்டும் இருக்கிறாள்.

மூட்டைகளுக்குப் பின்னால் நின்றபடியே டிரைவைத் திறந்து, அந்தப் பக்கத்தைத் திருத்தினாள். 'முதலில் பேட்டரியைக் கழற்றவும். சூடு காட்டக் கூடாது. காற்றாட வைக்கவும்.' அதே பெயரில், பழையது இருந்த அதே இடத்தில் வைத்தாள். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. இனி யாரும் இந்தத் தவறைச் செய்யக் கூடாது, அதற்காகத்தான், என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். தவறாக எழுதிவிட்டேன், இப்போது திருத்தினேன் என்று குழுவில் ஒரு வரி போட்டிருந்தால் அதுவும் நியாயம்தான். அந்த வரியை அடித்தாள். பெட்டியில் அது கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பின்னாலிருந்து ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

சல்லடைக்குத் திரும்புவதற்குள் தௌபீக் எழுதிவிட்டான். "மேனுவல இப்பத்தான் தொறந்து பாத்தேன். பேட்டரிய கழட்டு, சூடு காட்டாதன்னு தெளிவாத்தான போட்ருக்கு. பெருசு படிக்காம விட்ருச்சு." அதற்குக் கீழே இன்னொருவர், "பொற்கொடி எழுதுனா தப்பு இருக்குமா" என்று கும்பிடு போட்டிருந்தார். பொற்கொடிக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்துத்தான் பிறகு தூக்குவாளியைத் திறக்காமலே சல்லடைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

அதற்கடுத்த வாரம் அந்தப் பெரியவரே வகுப்புக்கு வந்தார். பாயின் கடைக்கு மேலே, தகரம் போட்ட அறைதான் வகுப்பு. மழை தகரத்தில் பொரிந்துகொண்டிருந்தது. படியேறி வந்தவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, நெஞ்சோடு அணைத்திருந்த பிளாஸ்டிக் பையுடன் நின்றார். ஒல்லியான, நரைத்த மனிதர். பெயர் மொக்கச்சாமி என்றும், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ஸ்டோர் பார்க்கிறவர் என்றும், உள்ளே இருக்கிற மகளின் பாடங்களை மட்டும் எடுக்க முடியுமா என்று சின்ராசு அனுப்பி வைத்ததாகவும் சொன்னார். பாய் பையைப் பிரித்தார். புகை நாற்றம் அறை முழுக்கப் பரவியது. அதற்கடியில் லேசாக ஏலக்காய் வாடையும் இருந்தது. தினமும் கையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிற வாடைதான். பொற்கொடி கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"டிஸ்க்கு தப்பிச்சிருச்சு. எடுத்துரலாம், ஒக்காருங்க" என்றார் பாய். "மக என்ன படிக்குது?"

"நர்சுக்குப் படிக்குது பாயி. தேனியில. கற்பகம்னு பேரு. லீவுக்கு வந்தப்ப லயத்து வீட்டுக் கூரை ஒழுகி இது நனைஞ்சு போச்சு. பிள்ளை அழுதுச்சு. நான்தேன், அழுகாத, நம்மகிட்ட ஸ்டோரு இருக்குல்லன்னு பெருசாப் பேசிட்டேன்."

"போனா போகுது. உயிருக்கு ஒண்ணும் ஆகலேல்ல."

"உயிரு கிடக்கட்டும் பாயி. உள்ள தட்டுல காயி இருந்துச்சு. முன்னறையில பேட்டரி வெடிச்சு, அந்தப் புகை பூராம் காயில ஏறிப்போச்சு."

புகை ஏறிய காய் என்றால் என்னவென்று மொக்கச்சாமியைத் தவிர, அந்த அறையில் பொற்கொடியை விட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஏலத்துக்கு வருகிற மாதிரிக் காயை வியாபாரி ஒரு தரம் மூக்கருகே கொண்டுபோவார், அப்படியே தட்டில் போட்டுவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விடுவார். அதன் பிறகு அந்தக் காய்க்குக் கதி கிடையாது.

பாய் ஆணிகளைக் கழற்றிக்கொண்டே தலையைச் சாய்த்து அவளைக் காட்டினார். "இந்தா, இந்தப் பிள்ளைதான் அந்த மேனுவலத் தமிழ்ல எழுதுனது."

மொக்கச்சாமி எழுந்தே நின்றுவிட்டார். அவர் முகத்தில் கோபத்தைத்தான் பொற்கொடி எதிர்பார்த்தாள். அங்கே இருந்தது மரியாதை. அதை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"நீதானா தாயி? நல்லா எழுதிருக்க. எனக்கே வெளங்குச்சுன்னா பாத்துக்கயேன். ஆனா பாரு, சின்ராசு அனுப்புன லிங்க்குல நாலஞ்சு வாட்டி படிச்சேன், பேட்டரியக் கழட்டச் சொன்னது என் கண்ணுல படவே இல்ல. பெறகு சின்ராசு கடையில தொறந்து காட்டுறான், கல்லு மாதிரி ஒக்காந்திருக்கு அந்த வரி. அந்த எடம் எப்பிடி எனக்குத் தப்புச்சுன்னு தெரியல. கொஞ்சம் காட்டுறியா?"

"காட்டு பொற்கொடி" என்றார் பாய், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு வரி தவறுறது யாருக்கும் உள்ளதுதாங்க."

அவள் போனைத் திறந்தாள். அந்த வரி முன்பு இல்லை என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது, பாய் குனிந்திருந்தார், தௌபீக்கும் மற்றவர்களும் ஆளுக்கொரு பலகையைப் பிடித்துக்கொண்டு பாதிக் காதை இங்கே வைத்திருந்தார்கள். அவள் அந்த வரிக்குக் கீழே விரலை வைத்தாள். மொக்கச்சாமி போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, உதடு அசையப் படித்தார். "முதலில் பேட்டரியைக் கழற்றவும். சூடு காட்டக் கூடாது." ஒரு சொல்லிலும் தடுக்கவில்லை. படித்து முடித்துவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் பிள்ளையே தன்னை யார் என்று கேட்டுவிட்டதைப் போல இருந்தது அவர் பார்வை.

"இப்பத் தெரியுது பாரு" என்றார் மெதுவாக.

பாய் டிஸ்க்கை வேறு ஒரு கம்ப்யூட்டரில் மாட்டினார். கற்பகத்தின் பாடங்கள் ஒன்றொன்றாக வந்தன. நரம்பு படம், எலும்பு படம், தோழிகளோடு எடுத்த படங்கள். எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். மொக்கச்சாமி அதைச் சட்டையின் உள்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார். கிளம்புகிறபோது, வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து, செருப்பில் ஒரு காலும் வாசலில் ஒரு காலுமாக நின்று கேட்டார்.

"இங்க கண்ணு பாக்குற டாக்டரு யாராவது இருக்காகளா பாயி? வெரசாப் பாக்கிறவுகளா."

"என்ன, கண்ணு மங்கலாயிருக்கா?"

"மங்கல் இல்ல. ஆனா இருக்குற வரி தெரியலேன்னா என்னமோ இருக்குல்ல. எங்க சூப்பர்வைசரு மலையாளத்துக்காரரு. வாயிக்கான் அறியாத்தவனுக்கு ஸ்டோரு எதுக்குன்னு கேக்குறாரு. படிக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு ஸ்டோருன்னு. கேக்குறதும் நாயந்தான? அங்க சூடு பாத்துப் பாத்துத்தான் விறகு வைக்கணும். கண்ணு தப்புனா என்ன ஆகுறது. நாளைக்கு நானே ஸ்டோரு சாவியக் குடுத்துட்டுக் காட்டு வேலைக்கு மம்பட்டிய எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அவரா ஏசி எறக்கி விடுறதுக்கு நாமளா எறங்கிட்டா மருவாதி பாருங்க."

பாய் ஏதோ ஒரு டாக்டர் பெயரைச் சொன்னார். இன்று பார்க்க முடியாது, பஸ் போய்விடும் என்று மொக்கச்சாமி படியிறங்கினார். போகும்போது பொற்கொடியைப் பார்த்து, "வர்றேன் தாயி. நல்லா எழுது" என்றார்.

அவள் ஒரு ஆணியை எடுத்தாள். அது எந்த ஓட்டைக்கு உரியது என்று தெரியவில்லை. மேசையில் திறந்து கிடந்த பலகையின் மேனுவல் அவள் தேடி எடுத்ததுதான், எந்த ஆணி எங்கே என்று மனப்பாடமாகத் தெரியும். இருந்தும் கையில் ஆணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "மேனுவலக்காவுக்கே மேனுவல் வேணும்போல" என்றான் தௌபீக். யாரோ சிரித்தார்கள். சாவியை அவராகவே கொடுக்கப் போகிறார் என்பது மட்டும் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. யாராவது பிடுங்கினால் அவரைப் பற்றிப் பரிதாபப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட முடியும் போல அவளுக்குத் தோன்றியது. இவர் தன் கண்ணையே சந்தேகப்பட்டுக்கொண்டு போகிறார். வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று இவ்வளவு நேரம் பிடித்துவைத்திருந்த சமாதானம், அந்த வரிக்குக் கீழே வைத்த விரலை நினைத்ததும் ஒன்றுமில்லாமல் போயிற்று.

"பாய், ஒரு சோலி இருக்கு. வந்துர்றேன்" என்று எழுந்தாள். குடையை மறந்துவிட்டாள்.

பஸ் நிலையத்தில் மூணாறு போகிற வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. காய்கறி மூட்டைகளோடும் ஈரக் குடைகளோடும் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். மொக்கச்சாமி ஜன்னலோரம் உட்கார்ந்து, சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பொற்கொடி ஜன்னலுக்குக் கீழே போய் நின்று, "அய்யா" என்றாள்.

"என்ன தாயி, நனையிறியே? எதையாச்சும் விட்டுட்டு வந்துட்டனா?"

"அந்த வரி முன்னாடி இல்ல."

இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காதருகே கையைக் குவித்தார். அவள் எவ்வளவு மெதுவாகச் சொல்ல நினைத்தாளோ அவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

"நீங்க படிச்சப்ப அந்த வரி இல்லய்யா. நீங்க காய வச்சதுக்கு அப்புறம்தான் எழுதிச் சேத்தேன். அறுபது டிகிரி தாங்கும்னு தப்பா எழுதுனது நான்தான்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் திரும்பினாள். படியில் நின்ற கண்டக்டர் பையை மாட்டிக்கொண்டே இவளைப் பார்த்தார். பின் சீட்டில் யாரோ என்னவாம் என்று கேட்டார்கள். மழை முகத்தில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

"அப்ப நான் படிச்சது?"

"சரியாத்தான் படிச்சீங்க."

"அறுபதுன்னு போட்டிருந்துச்சு."

"ஆமா."

"பேட்டரின்னு ஒரு வார்த்தை இல்ல."

"இல்லய்யா."

மொக்கச்சாமி ஜன்னல் கம்பியைப் பிடித்தார். அவள் ஏச்சுக்குக் காத்துக்கொண்டு நின்றாள். ஏசினால் தாங்கிக்கொள்ளலாம், அதற்குத்தான் ஓடிவந்தோம் என்றுகூட இருந்தது.

"அங்க மேல பாயும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தாரு" என்றார் அவர் கடைசியில். "அத்தன பேரு இருந்தாகளே. அப்பச் சொல்ல வாய் வரலையா தாயி?"

அவள் தலையை ஆட்டினாள். வரவில்லை என்று.

"காயி போச்சுல்ல" என்றார். அவளிடம் சொன்ன மாதிரியும் இல்லை.

"அந்தப் பழசு இன்னும் வச்சிருக்கியா?"

சேர்த்த பக்கம் எதையும் போனிலிருந்து அழித்துப் பழகாதவள் அவள். வைத்திருந்தாள்.

"அனுப்பு. மெட்டு தாண்டிட்டா சிக்னலு கெடைக்காது."

அவர் சொன்ன எண்ணை ஈர விரலால் அடித்தாள். எண்கள் வழுக்கின. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "ஆத்தா, தள்ளி நில்லு" என்றார். "செத்த இருப்பா, காயிதம் வருது" என்று மொக்கச்சாமி உள்ளேயிருந்து அதட்டினார். அவர் போனில் வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. வண்டி பின்னால் நகர்ந்து திரும்பியது. பொற்கொடியும் ஜன்னலோடு நடந்தாள்.

"இதையே சூப்பர்வைசரு கேட்டா சொல்லுவியா? எங்கிட்டச் சொன்ன மாதிரி?"

"சொல்றேன்யா. நம்பர் வந்திருக்கும். கூப்பிடுங்க."

"எம் மககிட்டயும் சொல்லணும். அதுதான் மொதல்ல" என்றவர் குனிந்து போனைப் பார்த்தார். வந்துவிட்டது. தள்ளிப் பிடித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பக்கத்துப் பெண்ணுக்கும் பின் சீட்டுக்கும் கேட்கிற குரலில் படிக்க ஆரம்பித்தார்.

"நனைந்துவிட்டால் உடனே அணைத்துவிட்டு, உலர்ந்த வெப்பத்தில் வைத்துக் காயவிடவும். அறுபது டிகிரி வரை தாங்கும்."

அவள் எழுதிய வரி, ஓர் எழுத்தும் பிசகாமல் வந்தது. அறுபதின் றகரம் கூடச் சுத்தமாக இருந்தது. அதோடு அவர் நிறுத்தவில்லை. அதற்கு அடுத்த வரியையும், அதற்கு அடுத்ததையும், எந்த ஆணி நீளம் எந்த ஆணி கட்டை என்பதையும் அதே குரலில் படித்துக்கொண்டே போனார். பக்கத்துப் பெண் எட்டிப் போனைப் பார்த்தாள். வண்டி நிலையத்தை விட்டு முந்தல் சாலைக்குத் திரும்பியது. சத்தம் கேட்காமல் போன பிறகும், விளக்கு எரிந்த ஜன்னலில் ஒரு விரல் வரிவரியாக இறங்கிக்கொண்டிருப்பதும், உதடுகள் அசைவதும் தெரிந்தன.